வாசகர் கேள்விகள்: ஸ்டூடியோவில் ஒரு நாவலாசிரியர்

திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிசு பெற்ற முதல் பெண்மணி ஃபிரான்சிஸ் மேரியன் என்றும், அவர் நாவல்களும் எழுதியவர் என்றும் சென்ற இதழில் இந்தப் பகுதியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கடிதம் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் அவரைப் பற்றியும் அவர் செய்த தொழிலைப் பற்றியும் மட்டுமே.

கேள்வி: வணக்கம் ஐயா. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை உறுதியானதே 1920இல்தான் என்று படித்திருக்கிறேன். அதற்கு முன்பே ஒரு பெண் எப்படிப் படக் கம்பெனியில் எழுத்தாளராக நுழைந்தார்? செல்வாக்குள்ளவர்கள் யாரேனும் கைதூக்கி விட்டார்களா? (ஈசூன் வாசகி)

பதில்: கைதூக்கி விட்டவர்கள் உண்டு, அவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. மேரியன் பென்சன் ஓவன்ஸ் என்ற இயற்பெயருடன் 1888 நவம்பர் 18ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த அவர், எழுத்தாளராக வேண்டும் என்று புறப்பட்டவர் அல்லர், ஓவியம் பயின்றவர். அவர் படித்துக்கொண்டிருந்த மார்க் ஹாப்கின்ஸ் கலைக் கல்லூரி, 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஊரையே விழுங்கிய தீயில் அழிந்தது. அதன்பின் புகைப்படக் கலைஞர் ஒருவரிடம் உதவியாளராகவும், விளம்பரங்களுக்குப் படம் வரைபவராகவும், சில காலம் செய்தித்தாள் நிருபராகவும் அவர் வேலை பார்த்தார். நிருபராக இருந்தபோது, ஊருக்கு வந்திருந்த நாடக நடிகை மேரி டிரெஸ்லரைப் பேட்டி எடுக்க அனுப்பப்பட்டார். அந்தப் பத்திரிகையோடு மனத்தாங்கல் கொண்டிருந்த டிரெஸ்லர், வெறுங்கையோடு திரும்பினால் இந்தப் பெண்ணின் வேலைக்கு ஆபத்து என்று இரக்கப்பட்டுப் பேட்டி கொடுத்தார். இந்தச் சிறு உதவியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் ஒரு பதிலில் இதற்கு மீண்டும் வருவேன்.

லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குக் குடிபெயர்ந்து நாடக அரங்குக்கு விளம்பரத் தட்டிகள் வரைந்துகொண்டிருந்தவரை, 1914இல் லோயிஸ் வெபர் தம்முடைய உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். வெபர் அன்றைய அமெரிக்கத் திரையுலகின் முன்னணி இயக்குநர்களுள் ஒருவர். எழுதுவது, நடிப்பது, இயக்குவது, வெட்டி ஒட்டுவது என்று எல்லாவற்றையும் ஒரே ஆள் செய்த அந்தக் காலத்தில், அவரிடம் பயில்வது என்பது தொழிலின் எல்லா அறைகளுக்கும் சாவி கிடைத்ததைப் போன்றது. ஃபிரான்சிஸ் மேரியன் என்ற பெயரும் அங்கேதான் வந்து ஒட்டிக்கொண்டது. அடுத்து அவர் நட்புக் கொண்டது உலகப் புகழ் பெற்ற நடிகை மேரி பிக்ஃபோர்டுடன். பிக்ஃபோர்டுக்காக மேரியன் எழுதிய முதல் படத்தின் நெகட்டிவ், 1915 செப்டம்பரில் நியூயார்க் ஸ்டூடியோவில் பிடித்த தீயில் எரிந்துபோயிற்று. முதலில் படித்த கல்லூரி, பின்பு எழுதிய முதல் பெரிய படம் என்று இரண்டையும் நெருப்புக்குக் கொடுத்தவர் அவர்.

நியூயார்க்கில் வேலையின்றி நின்றபோது, வேர்ல்டு ஃபிலிம் நிறுவனத்தின் தலைவர் வில்லியம் பிரேடியிடம் சென்று, இரண்டு வாரம் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறேன், பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். வெளியிடத் தகுதியில்லை என்று கிடப்பில் போட்டிருந்த படங்களை எடுத்துத் தரச் சொல்லி, பிரேடியின் மகள் நடித்த ஒரு சோகப் படத்துக்குப் புதிய தொடக்கமும் புதிய முடிவும் எழுதிச் சேர்த்து, அதை நகைச்சுவைப் படமாகவே மாற்றிவிட்டார். விற்காமல் கிடந்த சரக்கு விற்றது. வாரம் 200 டாலர் சம்பளத்தில் அவருக்கு வேலையும் கிடைத்தது. 1917இல் பிக்ஃபோர்டின் தனி எழுத்தாளராக ஒப்பந்தமானபோது ஆண்டுக்கு 50,000 டாலர். அன்றைக்கு எழுத்தாளர் எவருக்கும், ஆணோ பெண்ணோ, அது மிகப் பெரிய ஊதியம்.

கேள்வி: மௌனப் படத்தில் பேச்சே கிடையாது. அப்படியிருக்க எழுத்தாளருக்கு அங்கே என்ன வேலை? காட்சிகளுக்கு நடுவே காட்டும் இரண்டு மூன்று எழுத்து அட்டைகள் எழுதுவதற்கா அவ்வளவு சம்பளம்? (தோ பாயோ வாசகர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

பதில்: வசனத்தின் தோளில் ஏறி வளர்ந்தது நம் தமிழ்ப் படம். ஆகவே வசனம் இல்லையேல் எழுத்தும் இல்லை என்று நமக்குத் தோன்றுவது இயல்பே. உண்மையில் எழுத்து அட்டைகளை எழுதுவதற்குப் பல நிறுவனங்களில் தனி ஆளே இருந்தார். திரைக்கதை எழுதியவரின் வேலை வேறு. கதையைக் காட்சிகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, இடம் எது, வீட்டுக்கு உள்ளா வெளியா, யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார், கேமரா முகத்துக்கு அருகில் நிற்கிறதா தொலைவில் நிற்கிறதா, எழுத்து அட்டை எங்கே குறுக்கிடுகிறது என்பது வரை தாளில் இறக்கி வைக்க வேண்டும். 'கண்டினியூட்டி' என்று ஸ்டூடியோக்களில் வழங்கிய அந்தத் தாள்களை வைத்தே எத்தனை செட் போடுவது, எத்தனை நாள் படப்பிடிப்பு, செலவு எவ்வளவு என்றெல்லாம் கணக்கிட்டார்கள். ஒரே செட்டில் நடக்கும் காட்சிகளைக் கதை வரிசையைப் பாராமல் சேர்த்து எடுத்துவிட்டுப் பிறகு கோத்துக்கொள்ளலாம் என்ற வசதியும் அந்தத் தாள்களால் வந்ததே. ஸ்டூடியோ ஒரு தொழிற்சாலையாக ஓட முடிந்ததற்கு எழுத்தாளரின் மேசை முக்கியமான காரணம்.

ஆனால் தொழிற்சாலைக் கணக்கைச் சொன்னால் கலையைச் சொன்னதாகாது. 1918இல் வந்த 'ஸ்டெல்லா மாரிஸ்' படத்தைப் பாருங்கள். வில்லியம் லாக் எழுதிய நாவலை ஒட்டி மேரியன் திரைக்கதை எழுத, பிக்ஃபோர்டு இரட்டை வேடம் ஏற்ற படம் அது. ஒருத்தி, நடக்க இயலாமல் படுக்கையில் கிடக்கும் செல்வந்தர் வீட்டுப் பெண். உலகத்தின் துன்பம் எதுவும் அவள் காதில் விழாதபடி சுற்றத்தார் பொத்தி வளர்க்கிறார்கள். மற்றொருத்தி அநாதை விடுதியிலிருந்து வேலைக்காரியாக அழைத்து வரப்பட்டு, எசமானியிடம் குரூரமாக அடிபடுபவள். இருவரும் நேசிப்பது ஒரே மனிதனை. அந்த அநாதைப் பெண் தன் அன்பை எவரிடமும் சொல்வதில்லை. அவன் நிம்மதியாக வாழட்டும் என்று, அவனை விடாமல் வதைத்த மனைவியைக் கொன்றுவிட்டுத் தானும் இறந்துபோகிறாள். இத்தனையையும் சொல்லப்படாத அன்பாகவே வைத்து, பார்ப்பவர் புரிந்துகொள்ளும்படி காட்சிகளை அடுக்குவதற்கு எவ்வளவு நுட்பம் வேண்டும் என்று ஒரு தமிழாசிரியராகிய நீங்கள் உடனே உணர்வீர்கள். அகத்திணையில் உள்ளுறை என்று நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்களே, அதே வேலையைப் படங்களின் வரிசையால் செய்வது இது.

இன்னொரு படத்தையும் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனம் வரவில்லை. 1928இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்துக்காக மேரியன் எழுதிய 'தி விண்ட்'. விக்டர் ஷோஸ்ட்ரோம் இயக்க, லிலியன் கிஷ் நடித்தது. டெக்சஸ் பாலைநிலத்துக்கு வந்து சேரும் ஒரு பெண், ஓயாமல் வீசும் காற்றினால் மனம் பேதலித்துப்போகும் கதை. காற்று கண்ணுக்குத் தெரியாத பொருள், மௌனப் படத்திலோ காதுக்கும் எட்டாத பொருள். அதையே கதையின் முதன்மைப் பாத்திரமாக்க வேண்டியிருந்தது. மணல் சன்னலில் மோதுகிறது, உணவில் விழுகிறது, கதவைத் தள்ளுகிறது. வடகாற்று வானில் பாயும் வெள்ளைக் குதிரையாக அவள் கண்ணுக்குத் தோன்றுகிறது. தன்னிடம் முறைகேடாக நடந்தவனைக் கொன்று அவள் மணலில் புதைக்கிறாள், காற்று அந்த மணலை விலக்குகிறது. மோஹாவே பாலைவனத்தில் விமானங்களின் காற்றாடிகளை ஓடவிட்டு இதைப் படமாக்கினார்கள். நான் சில ஆண்டுகள் வானொலி நாடகங்கள் எழுதியவன். வானொலியில் கண் இல்லை, மௌனப் படத்தில் காது இல்லை. நடிகரின் வாயில் வைக்க ஒரு வரி கிடைக்காதா என்று இரவெல்லாம் தேடிய எனக்கு, ஒரு வரியும் வைக்காமல் காற்றை எழுதிக் காட்டிய அந்தப் பெண்மணி மீது இருக்கும் மதிப்பைச் சொல்லி முடியாது.

இந்தப் படமும் ஒரு நாவலை ஒட்டியதே. நாவலின் முடிவில் அந்தப் பெண் காற்றுக்குள்ளேயே நடந்து மறைகிறாள். படத்திலோ அவள் கணவனோடு சேர்ந்து காற்றை எதிர்கொண்டு நிற்கிறாள். என் கருத்தில் நாவலின் முடிவே அந்தக் கதைக்குப் பொருத்தமானது.

கேள்வி: அவர் 300 படங்கள் எழுதினார் என்று ஓரிடத்தில் பார்த்தேன். நம்பலாமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: எழுதிக்கொடுத்தவை, திருத்திக்கொடுத்தவை, எடுக்கப்படாமல் போனவை அனைத்தையும் சேர்த்துச் சொல்லும் எண்ணிக்கையாக அதைக் கொள்ளலாம். அவர் பெயரோடு வெளிவந்த படங்கள் நூற்றுக்கு மேல் என்பதில் ஐயமில்லை. இன்று அவற்றில் பலவற்றைப் பார்க்க முடியாது என்பதே பெரிய வருத்தம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் வெளிவந்த ஏறத்தாழ 11,000 முழுநீள மௌனப் படங்களில் 14 விழுக்காடு மட்டுமே முதல் வடிவிலேயே எஞ்சியிருக்கின்றன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள், காலத்தால் அழுகுவது, பழைய படத்துக்கு இனி மதிப்பில்லை என்று ஸ்டூடியோக்களே எறிந்தது ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த அழிவு இது.

கேள்வி: பேசும் படம் வந்தவுடன் மௌனப் பட நடிகர்கள் பலர் காணாமல் போனார்கள். எழுத்தாளரான இவருக்கு என்ன ஆயிற்று? ஆஸ்கர் எந்தப் படத்துக்கு? (செங்காங் வாசகி)

பதில்: அந்த மாற்றத்தின் நடுவில்தான் அவருடைய சொந்த வாழ்க்கையின் பேரிடியும் விழுந்தது. கணவர் ஃபிரெட் தாம்சன் ஒரு காலத்தில் படையில் சமயப் போதகராக இருந்தவர், விளையாட்டு வீரர், பிறகு குதிரைவீரர் படங்களில் நட்சத்திரம். ஆணி குத்திய காயம் ரணஜன்னியாக முற்றி, 1928ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று காலமானார். இரண்டு சின்னஞ்சிறு மகன்களோடு மேரியன் தனித்து நின்ற அந்த வேளையில்தான், பேச்சு எழுதத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஸ்டூடியோக்கள் நியூயார்க் நாடக ஆசிரியர்களை வரிசையாக அழைத்துக்கொண்டிருந்தன. மௌனப் பட எழுத்தாளர் ஒருவர் ஒதுக்கப்படுவதற்கு எல்லாச் சூழலும் கூடியிருந்தது. ஆனால் அவர் ஒதுங்கவில்லை. பேசாத படத்தில் கற்றதை, அதாவது எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்பதை, பேசும் படத்துக்குக் கொண்டுவந்தார்.

1930இல் கிரேட்டா கார்போ முதன்முதலில் பேசி நடித்த 'அன்னா கிறிஸ்டி'க்குத் திரைக்கதை மேரியனே. யூஜீன் ஓநீலின் நாடகம் அது. உலகமே அந்த நடிகையின் குரலைக் கேட்கக் காத்திருக்க, படம் தொடங்கிக் கால் மணி நேரம் சென்ற பிறகே அவர் வந்து வாய் திறக்கிறார்.

அதே ஆண்டில் வந்த 'தி பிக் ஹவுஸ்' சிறைச்சாலைப் படம். அதை எழுதுவதற்காக மேரியன் சான் குவென்டின் சிறைக்கு நேரில் சென்று பார்த்தார். ஓர் அறையில் இருக்க வேண்டியவர்களைவிடக் கூடுதலாகக் கைதிகளை அடைத்துவைப்பதால் என்ன விளைகிறது என்பதே அந்தப் படத்தின் உள்ளீடு. குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவர் சாவுக்குக் காரணமான வசதியான வீட்டு இளைஞன், கொடிய குற்றவாளிகள் இருவரோடு ஒரே அறையில் தள்ளப்படுகிறான். சிறை அவனைத் திருத்துவதற்கு மாறாக இன்னும் கோழையாக்குகிறது. நல்லவன், கெட்டவன் என்று முதல் காட்சியிலேயே முத்திரை குத்தாமல், நெருக்கடி ஒவ்வொருவரிடமிருந்தும் எதை வெளிக்கொணர்கிறது என்று பொறுமையாகப் பார்க்கும் எழுத்து அது. 1930 நவம்பரில் நடந்த விழாவில் அந்தத் திரைக்கதைக்குத்தான் ஆஸ்கர் கிடைத்தது. வீழ்ந்த குத்துச்சண்டை வீரனையும் அவனைத் தெய்வமாக எண்ணும் சிறு மகனையும் பற்றிய 'தி சேம்ப்' படத்தின் மூலக்கதைக்காக, 1932 நவம்பரில் இரண்டாவது ஆஸ்கர். எழுத்துக்காக இருமுறை அப்பரிசைப் பெற்ற முதல் ஆளும் அவரே.

இப்போது மேரி டிரெஸ்லரின் பேட்டிக்கு வருகிறேன். 1920களின் நடுவில் டிரெஸ்லருக்கு வாய்ப்புகள் வற்றி, வயதும் ஐம்பதைத் தாண்டிவிட, அவர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார். செய்தி அறிந்த மேரியன், அவரை மனத்தில் வைத்தே ஒரு படம் எழுதி, தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்கை இணங்க வைத்தார். 1927இல் வெளிவந்த அந்தப் படம் ஐரிஷ் வம்சாவளியினரின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. மேரியன் விடவில்லை. 'அன்னா கிறிஸ்டி'யில் டிரெஸ்லருக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது. அடுத்து, 1930இல் 'மின் அண்ட் பில்' என்ற படத்தில், துறைமுகத்து விடுதிக்காரியாக, கதையின் பாரம் முழுவதையும் தாங்கும் வேடம். அதற்காக டிரெஸ்லர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பெற்றபோது, பழைய பேட்டி நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பருத்த உடலும் சுருக்கம் விழுந்த முகமும் கொண்ட ஒரு மூதாட்டி, இளம் அழகிகள் நிறைந்த ஹாலிவுட்டில் வசூல் ராணியானார் என்றால், அவருக்கென்று எழுத ஒருவர் இருந்ததனாலேயே அது நடந்தது.

கேள்வி: இவ்வளவு பெயரும் பணமும் இருந்தும் அவர் ஏன் நாவல் எழுதினார்? நாவல்களால் அவருக்குக் கூடுதலாக என்ன கிடைத்தது? (பிடோக் வாசகர்)

பதில்: நாவல் அவருக்குத் திரைப்படத்தைப் போலப் பணம் தந்திருக்க வாய்ப்பில்லை. நாவலில் கிடைப்பது வேறொன்று. ஸ்டூடியோவில் எழுதிய தாள் எழுதியவருக்குச் சொந்தமில்லை. ஒருவர் எழுதுவதை இன்னொருவர் திருத்துவார், அவர் திருத்தியதை மூன்றாமவர் மாற்றுவார், கடைசியில் யார் பெயர் திரையில் வரும் என்பதை நிறுவனம் தீர்மானிக்கும். மேரியனே தம் கணவரின் குதிரைவீரர் படங்களுக்கு ஃபிராங்க் கிளிஃப்டன் என்ற ஆண் பெயரில் எழுதியிருக்கிறார். நாவலின் அட்டையில் மட்டுமே ஒரே ஒரு பெயர்.

அவருடைய முதல் நாவல் 'மின்னி ஃப்ளின்' 1925இல் வந்தது. எளிய குடும்பத்துப் பெண் ஒருத்தி படங்களில் நடிக்க வந்து, நட்சத்திரமாகி, அந்த வெளிச்சத்திலேயே வாழ்க்கையைத் தொலைக்கும் கதை. அவர் நாள்தோறும் கண்ட உலகம் அது. ஸ்டூடியோவுக்காக அவர் எழுதிய படங்களில் இறுதிக் காட்சி பெரும்பாலும் பார்வையாளரை ஆறுதலோடு வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். நாவலில் அந்தக் கட்டாயம் இல்லை. 1937இல் எழுதிய 'மாலி, பிளெஸ் மீ' என்ற நாவல், 1945இல் வேறொரு நிறுவனத்தால் படமாக்கப்பட்டது. 1948இலும் 1953இலும் மேலும் இரண்டு நாவல்கள். திரைக்கதை எழுதுவதற்கான வழிகாட்டி நூல் ஒன்றையும் 1937இல் வெளியிட்டார்.

எழுதியவருக்குத் தம் எழுத்தின் மீது உரிமை வேண்டும் என்பதில் அவர் வாயளவில் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டி 1933 மார்ச்சில் ஸ்டூடியோக்கள் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்தபோது எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தனர். அந்த ஆண்டில் உருப்பெற்ற திரைக்கதை எழுத்தாளர் சங்கத்தின் துணைத்தலைவராக மேரியன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரைப் போன்ற பெரும் ஊதியம் பெற்றவருக்குச் சங்கம் தனிப்பட்ட முறையில் தேவைப்பட்டிருக்காது. சிறிய சம்பளக்காரர்களுக்காக அவர் தம் பெயரை முன்னால் நிறுத்தினார் என்றே நான் கருதுகிறேன்.

1936இல் தால்பெர்க் இறந்தபின் அவருக்கு ஸ்டூடியோவில் பிடிப்புக் குறைந்தது. எழுத்தாளரின் சொல்லுக்கு மதிப்பளித்த தலைவர் போய்விட்டார். தணிக்கை விதிகளும் இறுகியிருந்தன. மெல்ல விலகிச் சிற்பத்திலும் ஓவியத்திலும் இறங்கி, அதாவது தொடங்கிய இடத்துக்கே திரும்பி, 1972இல் தம் நினைவுகளை நூலாக்கி, 1973 மே 12ஆம் நாள் காலமானார்.

கேள்வி: தமிழில் இப்படி நாவலும் திரைக்கதையும் சேர்ந்து எழுதிய ஸ்டூடியோக் காலத்தவர்கள் உண்டா? நம் சிங்கப்பூரிலும் அந்தக் காலத்தில் ஸ்டூடியோக்கள் இருந்தனவே, இங்கே யார் எழுதினார்கள்? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: தமிழில் மேரியனுக்கு மிக நெருக்கமாக எனக்குத் தோன்றுபவர் டி. பி. ராஜலட்சுமி. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகி என்று மட்டுமே அவரைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் 'கமலவல்லி' என்ற நாவலை எழுதியவர் என்பதும், அந்த நாவலையே 1936இல் 'மிஸ் கமலா' என்ற படமாக எழுதி, தயாரித்து, இயக்கினார் என்பதும், தமிழில் படம் இயக்கிய முதல் பெண் அவரே என்பதும் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டியவை. மேரியனுக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் நிழல் இருந்தது. ராஜலட்சுமிக்கு அதுவும் இல்லை.

நிறுவனத்தின் நிழலில் எழுதியவர் என்றால் கொத்தமங்கலம் சுப்பு. ஜெமினியின் 'கதை இலாகா' என்று சென்னையில் வழங்கிய குழுவில், மாதச் சம்பளத்தில் அமர்ந்து கதை விவாதித்து, பாட்டு எழுதி, வசனம் எழுதி, நடித்து, 'ஔவையார்' போன்ற படங்களை இயக்கவும் செய்தவர். ஹாலிவுட் ஸ்டூடியோவின் எழுத்தாளர் அறைக்கு இணையான ஒன்று தமிழ்நாட்டில் இருந்தது என்றால் அது கதை இலாகாதான். அங்கே பலர் சேர்ந்து சமைத்ததில் யார் பங்கு எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் 'கலைமணி' என்ற புனைபெயரில் அவர் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' முழுக்க முழுக்க அவருடையது. 1968இல் ஏ. பி. நாகராஜன் அதைப் படமாக்கினார். ஜெமினியின் அதிபர் எஸ். எஸ். வாசனும் நாவலாசிரியரே. எம்.ஜி.ஆர். அறிமுகமான 1936ஆம் ஆண்டுப் படம் 'சதி லீலாவதி' அவர் கதைதான். கல்கியின் 'தியாகபூமி' 1939இல் படமாகிக்கொண்டிருக்கும்போதே, படத்தின் புகைப்படங்களோடு விகடனில் தொடராக வந்தது. எழுத்தும் திரையும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்ட அழகான தருணம் அது.

சிங்கப்பூரில், பாலஸ்டியர் வட்டாரத்து ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அங்கே மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், பானி மஜும்தார் போன்ற இந்தியர்கள் பலர். அவர்களுடைய கதைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மலாய் மொழிக்கு மாற்றப்பட்டன. 1955இல் மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லீ 'பெனாரிக் பெச்சா'வைத் தாமே எழுதி இயக்கியபோதுதான், படத்தில் வரும் திரிஷாக்காரரின் பேச்சு இந்த மண்ணின் பேச்சாகவே ஒலித்தது. மெட்ரோ கோல்ட்வின் மேயரைப் போல இங்கும் மாதச் சம்பளம்தான், இங்கும் ஊதியக் குறைகள் இருந்தன. 1957இல் ஜாலான் அம்பாஸ் கலைஞர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஜாலான் அம்பாஸ் எழுத்தாளர்களைப் பற்றித் தனியாகக் கேட்டு எழுதினால், ஓர் இதழை அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: அவருடைய படங்களில் எதை முதலில் பார்க்கலாம்? (தெம்பனிஸ் வாசகி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி)

பதில்: நான் மேலே விவரித்த இரண்டு மௌனப் படங்களும் அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்தவை, ஆகவே இணையத்தில் கிடைக்கின்றன. முதலில் 'ஸ்டெல்லா மாரிஸ்'. அதை இருமுறை பாருங்கள். இரண்டாம் முறை, ஒவ்வொரு எழுத்து அட்டையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அதை எடுத்துவிட்டால் கதை புரியாமல் போகுமா என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை அட்டைகளை எடுக்க முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் உங்கள் கணக்கையும் என் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.